திருட்டு நடந்தால் முதலில் எந்தத் தெருவுக்கு வருவார்கள்?

(முசரவாக்கத்தில் ஒரு ஞாயிறு மாலை, வாசிப்பு வட்டக் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன ஓரிரு விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். என் தாய்மாமா காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளி வீட்டில் கூலிக்குத் தறி நெய்துகொண்டிருந்தார். அந்த வீட்டில் ரெண்டு மார்க் சரிகை காணாமல் போனது. அங்கே ஆறு தறி ஓடியது, ஆறு பேர் நெய்தார்கள். காக்கிச் சட்டை தேடி வந்தது ஒரே ஒருவரை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பாட்டிக்குப் புரிந்திருந்தது. ஜீப் சத்தம் தூரத்தில் கேட்டதுமே "நம்ம தெருவுக்குத்தான் வருது" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள்.

மூன்று ராத்திரி மாமாவை வைத்திருந்தார்கள். எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. நான்காம் நாள் சரிகை கிடைத்தது, முதலாளி வீட்டுப் பீரோவிலேயே, புடவை மடிப்புகளுக்கு நடுவில். "போய்ட்டு வா" என்று அனுப்பினார்கள். வலது கால் அதற்குப் பிறகு மிதிக்கட்டையை மிதிக்க ஒத்துழைக்கவில்லை. தறியை விட்டார். ஒரு கட்டடம் கட்டுகிற இடத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். திருடன் என்று இழுத்துக்கொண்டு போன ஆளை அடுத்த வருஷம் இன்னொருவர் காவலுக்கு வைத்துக்கொண்டார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வரும், வேறு ஒன்றும் வரும்.

போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, லண்டன் போலீஸ்காரங்க கையில துப்பாக்கிகூட இருக்காதாமே. நம்ம போலீஸும் வெள்ளைக்காரன் குடுத்ததுதான? அப்புறம் ஏன் இப்படி?" நல்ல கேள்வி. வெள்ளைக்காரன் கொடுத்தான் என்றால் எதைக் கொடுத்தான், எதை அங்கேயே வைத்துக்கொண்டான், இங்கே இருந்த எதை எடுத்துத் தன் சட்டத்துக்குள் வைத்தான் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வாரம் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அவர்கள் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தைக் கருணை நாடு என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு இருந்த நாடு அது. கடையில் சில ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலும் தூக்கு வரைக்கும் போகலாம். அந்தச் சட்டங்களை எழுதியவர்கள் நிலமும் பணமும் வைத்திருந்தவர்கள், தொங்கியவர்கள் ஏழைகள். தப்பிப் பிழைத்தவர்களைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். 1777இல் ஜான் ஹோவர்ட் என்பவர் ஊர் ஊராகச் சிறைகளைப் பார்த்து எழுதிய புத்தகத்துக்குப் பிறகு சிறைச் சீர்திருத்தம் பேசப்பட்டது. 1820களிலும் 30களிலும் தூக்குத் தண்டனைப் பட்டியல் சுருங்கியது. 1829இல் ராபர்ட் பீல் லண்டனுக்குச் சம்பளம் வாங்கும் முழுநேரக் காவல் படையைக் கொண்டுவந்தார். ராணுவம் போலத் தெரியக்கூடாது என்று அவர்களுக்கு நீலச் சீருடை, கையில் தடி. பத்து வருஷத்துக்கு முன்னால்தான் மான்செஸ்டர் செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்தில் வாக்குரிமை கேட்டுக் கூடிய தொழிலாளர்கள் மீது குதிரைப்படை பாய்ந்திருந்தது. சொந்த மக்கள்மேல் மறுபடி குதிரையை விட்டால் நாடு தாங்காது என்று ஆட்சியாளர்களுக்குப் பயம். அந்தப் பயத்தில் அங்கே இருந்த மக்களின் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நாமாக எதையும் கேட்காமல் யாரும் எதையும் கொடுத்ததில்லை, லண்டனிலும்கூட.

ஆனால் அதே பிரிட்டன் அயர்லாந்துக்கு வேறு போலீஸை வைத்திருந்தது. கையில் ஆயுதம், தங்குவது முகாமில், உள்ளூர்க்காரனை உள்ளூரில் போடுவதில்லை. லண்டன் போலீஸ் ஊருக்குள் நடந்தது, அயர்லாந்து போலீஸ் ஊரைப் பார்த்துக் குறிவைத்து நின்றது. காலனிகளுக்கு அனுப்ப எந்த மாதிரியை எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 1843இல் சிந்து மாகாணத்தைப் பிடித்த சார்லஸ் நேப்பியர் அயர்லாந்து மாதிரியைப் பார்த்தே அங்கே போலீஸை அமைத்தார். இந்தியாவின் மற்ற பகுதிகளுக்கு அதுவே முன்மாதிரி ஆனது.

இது பாதிப் பதில். மீதிப் பாதி நம் ஊரில் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம்.

சென்னை மாகாணத்தில் 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி என்று ஒன்று உண்டு. கிராமத் தலைவரை, அதாவது மணியக்காரரை, முன்சீப்பை, கிராமத்துப் போலீஸ் அதிகாரியாகவும் ஆக்கிய சட்டம். வாய்ச்சண்டை, சின்னக் கைகலப்பு மாதிரி வழக்குகளை அவரே விசாரிக்கலாம். தண்டனை என்ன? கிராமச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்துவைக்கலாம். அதே தப்பைச் செய்தவர் தாழ்ந்த சாதிக்காரர் என்றால், அப்படிப்பட்ட இழிவான தண்டனையை அவர்களுக்குக் கொடுப்பது பொருத்தமற்றது ஆகாது என்று சொல்லி, ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். தொழுமரம் தெரியும்தானே? ரெண்டு பலகை, நடுவில் ஓட்டை, காலை உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார்கள். ஊர் நடுவில் வெயிலில் உட்கார வேண்டும். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பான்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனாலும் இதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். மனு சாத்திரத்தில் வருணத்துக்கு ஒரு தண்டனை என்று இருப்பதை நாம் எல்லா மேடையிலும் பேசுகிறோம். இது மனு எழுதியது இல்லை. கம்பெனி ஆட்சி அச்சடித்த சட்டம். இழிவு என்பது சிலருக்குத்தான் வலிக்கும், மற்றவர்களுக்கு அது பழகியது என்ற எண்ணத்தை இங்கே இருந்த ஊர் வழக்கத்திலிருந்து எடுத்து, எண்ணும் ஆண்டும் போட்டு, அரசின் வார்த்தையாக்கிவிட்டார்கள். இங்கிலாந்திலும் தொழுமரம் இருந்தது. அங்கே குடித்துவிட்டு ரகளை செய்தவனை மாட்டினார்கள், அவன் எந்தச் சாதியில் பிறந்தான் என்று கேட்கவில்லை. 1872இல் நியூபரி என்ற ஊரில் கடைசியாக ஒருவரை அப்படி மாட்டியதோடு அங்கே அது முடிந்துபோனது. இங்கே இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோதும் அந்த வாசகம் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

அடுத்தது 1855. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்க விவசாயிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்ததால், மூன்று பேர் கொண்ட ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். வரி வசூல் செய்தவரும் போலீஸும் அப்போது ஒரே ஆள்தான். தாசில்தாரின் சேவகன்தான் காவலன். குழுவுக்கு 1,900க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. பலர் வெகுதூரம் நடந்தே வந்து சொல்லியிருக்கிறார்கள். அந்த அறிக்கையில் வருகிற வார்த்தைகள் நம் வார்த்தைகள். கிட்டி போடுவது, அதாவது ரெண்டு குச்சிக்கு நடுவில் விரலை வைத்து நெரிப்பது. ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் விடுவது. கண்ணில் மிளகாய்ப் பொடி. குடுமியைக் கழுதை வாலில் கட்டுவது. 1857இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்துவைத்து எழுதினார். குழு, இதெல்லாம் கீழே இருக்கிற சுதேசி ஊழியர்களின் வேலை, ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று முடிவு சொல்லியிருந்தது. வரி குறையக்கூடாது என்று மேலே இருந்து உத்தரவு போட்டவர்களுக்கும் கீழே விரலை நெரித்தவர்களுக்கும் சம்பந்தமில்லையாம். இன்றைக்கும் ஒரு லாக்கப் மரணம் நடந்தால் நான்கு கான்ஸ்டபிள்களைச் சஸ்பெண்ட் செய்து கணக்கை முடிக்கிறார்களே, அதற்கு வயது நூற்றெழுபது.

அந்த அறிக்கைக்குப் பிறகு வரி வசூலையும் போலீஸையும் பிரித்தார்கள். 1859இல் சென்னை மாவட்டக் காவல் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான 1861 சட்டத்துக்கும் முந்தியது நம்முடையது. இன்றும் தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம், 1859 என்ற பெயரில் அது இருக்கிறது. சீர்திருத்தம் நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கிட்டி போனது. ஆனால் லாடம் கட்டுதல் என்ற சொல்லை நம் வீட்டுக் குழந்தைகள் வரைக்கும் அறிவார்கள்.

இப்போது 1869க்கும் 1871க்கும் வருவோம். ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளைக் கப்பலேற்றுவது 1868இல் நின்றுபோனதும், திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவர்களை உள்ளூரிலேயே என்ன செய்வது என்று பிரிட்டனுக்குக் கவலை வந்தது. 1869இல் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் போட்டார்கள். நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற ஆளைப் பதிவு செய்து கண்காணிப்பது அதன் வேலை. கொடுமையான சட்டம்தான், ஆனால் அதன் வலையில் விழ ஒருவன் முதலில் ஒரு குற்றத்தைச் செய்து தண்டனை பெற்றிருக்க வேண்டும். ரெண்டே வருஷத்தில் இந்தியாவில் குற்றப் பழங்குடிகள் சட்டம் வருகிறது. இங்கே குற்றம் செய்யத் தேவையில்லை, பிறந்தால் போதும். அந்தச் சட்டத்துக்கு அவர்கள் சொன்ன வாதத்தைக் காஞ்சிபுரத்துக்காரர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இந்தியாவில் நெசவு, தச்சு எல்லாம் பரம்பரைத் தொழில், அப்பன் நெய்தால் மகனும் நெய்வான், அதனால் பரம்பரையாகத் திருடுகிற சாதிகளும் இருக்கத்தான் செய்யும் என்பதே அது. தறியைக் காட்டித்தான் விலங்கைப் பூட்டியிருக்கிறார்கள். சாதி என்பது உண்மை, மாறாதது, ரத்தத்தில் வருவது என்று பார்ப்பனியம் சொன்னதை வெள்ளைக்கார அதிகாரி மறு பேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட இடம் இது. தீண்டப்படாதோர், பழங்குடிகள், குற்றப் பரம்பரையினர் ஆகிய மூன்று பெருங்கூட்டங்களையும் அண்ணல் அம்பேத்கர் ஒரே பட்டியலில் வைத்து, இவர்களை உண்டாக்கிய நாகரிகம் எப்படிப்பட்டது என்று 1948இல் கேட்டார். மூவரையும் தனித்தனியாகப் பார்க்கிற வழக்கம் நமக்குத்தான் வந்துவிட்டது.

1911இல் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்கள், தென்னார்க்காட்டில் வேப்பூர்ப் பறையர்கள், மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்கள் என்று பட்டியல் நீண்டது. கைரேகை பதிய வேண்டும், ஊரைவிட்டுப் போனால் அனுமதிச் சீட்டு வேண்டும். கைரேகைக் கதையும் சுவாரஸ்யமானது. அது லண்டனிலிருந்து இங்கே வரவில்லை. கல்கத்தாவில் எட்வர்ட் ஹென்றியின் கீழ் அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற ரெண்டு இந்தியர்கள் வகைப்படுத்தும் முறையை உருவாக்க, 1897இல் அங்கே ரேகைப் பிரிவு வந்தது. 1901இல்தான் அது ஸ்காட்லாண்டு யார்டுக்குப் போனது. காலனியில் சோதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். (பட்டு நூலை இழுத்து இழுத்து ரேகை தேய்ந்துபோய் ரேஷன் கடை மெஷினில் விரல் விழாமல் திரும்பி வருகிற நம் பெரியம்மாக்களை நினைத்துக்கொள்கிறேன்.)

அந்தக் கைரேகையைக் கொடுக்க மறுத்ததற்காகத்தான் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். இதை ஏன் நம் மேடையில் பேச வேண்டும் என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. அந்தப் பகுதியில் நம் மக்கள் யாரிடம் அடிவாங்குகிறார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் பேசுகிறேன். பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று முத்திரை குத்துவது தப்பு என்றால் அது எல்லோருக்கும் தப்பு. அந்த முத்திரையின் வலியை ஒருகாலத்தில் அறிந்த சமூகம், இன்று சேரிப் பையனைப் பார்த்து அதே முத்திரையைத் தேடுகிறதே என்ற கேள்வியை அவர்களிடம் கேட்கவும் நமக்கு இந்த வரலாறு வேண்டும். அவர்கள் போராடினார்கள், பள்ளிகள் வந்தன, சட்டமன்றத்தில் ஆட்கள் வந்தார்கள். குறவருக்கும் இருளருக்கும் அப்படி எதுவும் வந்து சேரவில்லை. ஸ்டேஷன் ஜீப் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. அடுத்த வருஷமே, 1948இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. சாதிப் பெயரை எடுத்துவிட்டு ஆளின் பெயரைப் போட்டார்கள். எந்த ஆளின் பெயர் முதலில் எழுதப்படும் என்பதில் பெரிய மாற்றமில்லை. நாம் விளையாட்டாக ஒருவரை "சரியான கேடி" என்கிறோம். அது தமிழ்ச் சொல் இல்லை. அறியப்பட்ட கொள்ளைக்காரன் என்பதற்குப் போலீஸ் பதிவேட்டில் போட்ட ரெண்டு ஆங்கில எழுத்து. பதிவேடு நம் நாக்குக்கு வந்துவிட்டது.

சிறைக்குள் போனால் தொழுமரச் சட்டத்தின் வாசகமே வேறு வடிவில் உட்கார்ந்திருந்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. உத்தரப் பிரதேசச் சிறை விதிகளில், சாதாரணச் சிறைத்தண்டனை பெற்றவரை இழிவான வேலைக்கு அழைக்கக் கூடாது, அப்படிப்பட்ட வேலை செய்து பழகிய சமூகத்தவராக இருந்தால் ஒழிய, என்று இருந்தது. 1816ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மேற்கு வங்கத்தில் சமையலுக்கு இன்ன சாதி, மலம் அள்ள இன்ன சாதி. நம் தமிழ்நாடும் பெருமைப்பட முடியாது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்திருந்ததும், மோதலைத் தடுக்கத்தான் என்று அரசு சொன்னதை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் அதே தீர்ப்பில் பேசப்பட்டிருக்கிறது. அந்தக் காரணம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். பதிவேடுகளில் சாதிக் கட்டத்தை நீக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் விதிகளைத் திருத்த வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு.

தம்பியின் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. 1993ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் மார்ச் மாதம் தென்னார்க்காட்டில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவை நகைத் திருட்டு என்று கம்மாபுரம் போலீஸ் பிடித்துப் போனது. அடித்தே கொன்றார்கள். ஓடிப்போய்விட்டான் என்றார்கள். உடல் வேறு மாவட்ட எல்லையில் கிடந்தது. ஜெய்பீம் படத்தில் நீங்கள் பார்த்தது இதைத்தான், படத்தில் இருளராகக் காட்டியிருப்பார்கள். அடுத்த மாதம், ஏப்ரல் 22, லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞனை வெள்ளை நிறவெறிக் கும்பல் குத்திக் கொன்றது. லண்டன் போலீஸ் ஒழுங்காக விசாரிக்கவில்லை. ஆகவே அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் பெற்றோர் விடாமல் போராடியதால் ஒரு விசாரணை ஆணையம் வந்தது. 1999இல் மெக்பர்சன் அறிக்கை, இது நாலைந்து கெட்ட போலீஸ்காரர்களின் விஷயமில்லை, லண்டன் காவல்துறை என்ற நிறுவனத்துக்குள்ளேயே இனவெறி இருக்கிறது என்று எழுதியது. இங்கே பார்வதி அம்மாள் போராடினார், வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டார், இடதுசாரித் தோழர்கள் நின்றார்கள், 2006இல் போலீஸ்காரர்கள் தண்டிக்கப்பட்டது உறுதியானது. பெரிய வெற்றி. வாச்சாத்தியிலும் 1992இல் நடந்த கொடுமைக்கு 2011இல் தீர்ப்பு, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தனித்தனி ஆட்களுக்குத் தண்டனை வாங்கிக்கொடுக்க நம்மால் முடிந்திருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுக் காவல்துறைக்குள் நிறுவனமாகச் சாதி இருக்கிறது என்று ஓர் அரசு ஆணையத்தின் கையால் எழுதவைக்க நம்மால் இன்னும் முடியவில்லை. சாத்தான்குளம் நடந்தபிறகும், 2025 ஜூனில் திருப்புவனம் பக்கத்தில் ஒரு கோயில் காவலாளி காணாமல்போன நகைக்காக அடித்தே கொல்லப்பட்ட பிறகும் முடியவில்லை.

குற்றத் தடுப்பு என்ற அழகான சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். குற்றம் நடக்காமல் தடுப்பதுதான் போலீஸின் முதல் வேலை என்பது பீல் காலத்துப் பேச்சு. நம் ஊரில் அது யார் மேல் இறங்குகிறது? திருவிழா நெருங்கினால், தேர்தல் நெருங்கினால், பழைய பதிவேட்டைத் திறந்து நன்னடத்தைப் பிணைக்கு அழைக்கிறார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 129. 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தில் போட்டால் விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே வைக்கலாம். தடுப்புக் காவலில் இருப்பவர்கள் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே மேலே நிற்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளிலேயே பார்க்கலாம். நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு விசாரணைக் கைதிகள். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருடசேவைக்குக் காஞ்சிபுரத்தில் ஜனம் நெருங்கும்போது, நம் பையன்கள் சிலர் ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவன் என்னிடம் சொன்னான்: "நான் திருடுன வழக்கே இல்லண்ணே, எங்க அப்பா பேரு இருந்துச்சு."

அதனால் இன்று பேச்சோடு கலையவில்லை. தகவல் உரிமைச் சட்ட மனுக்கள் ரெண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று சிறைத்துறைக்கு: சாதிக் கட்டம் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டதா, எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி. இன்னொன்று மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு: சரித்திரப் பதிவேட்டில் எத்தனை பேர், அவர்களில் தண்டனை பெற்றவர்கள் எத்தனை பேர், கடைசியாக எப்போது பெயர் நீக்கினார்கள். ஆளுக்கொன்று போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு வாங்கி வைத்திருக்கிறேன், காசு பிறகு கொடுத்தால் போதும்.

மாமா வந்திருக்கிறார். பின்னால் தூண் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். காலையில் கிளம்பும்போது "கதைய வேணா சொல்லு, எம்பேரச் சொல்லாதடா" என்றார். அதனால் சொல்லவில்லை. ஆனால் முதல் மனு அவர் பெயரில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டார்.

ஜெய்பீம்.